கேரட் வண்டிக்குக் கேட்ச் கேன் தேவையா?

கேள்வி: அண்ணா, நான் ஊட்டி அருகே கேத்திப் பக்கம். சொந்தமாக ஒரு பிஎஸ்6 வண்டி வைத்திருக்கிறேன், 14 அடி பாடி, 2021 மாடல். ராத்திரி கழுவிய கேரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவேன், காலையில் காலியாக ஏறி வருவேன். லோடு ஏறும்வரை இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். திரும்பும்போது பர்லியாரில் டீக்கு நிறுத்துவேன். போன மாதம், டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஒரே ஆயில் பிசுபிசுப்பு. இஞ்சின் புகையில் வரும் ஆயிலைப் பிடித்துவைக்கும் டப்பாவாம் கேட்ச் கேன், அதைப் போட்டால் டர்போவும் இன்டர்கூலரும் சுத்தமாக இருக்கும், மைலேஜும் கூடும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். கோவையில் ஒரு கடையில் 7,500 ரூபாய், மாட்டுக்கூலி தனி. போடலாமா? வண்டியில் வேறு குறை இல்லை. ஆயில் குறைவதே இல்லை, சொல்லப்போனால் குச்சியில் கொஞ்சம் மேலேயே நிற்கிறது. எக்ஸாஸ்ட் வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிப்பதற்கான ரீஜென் லைட் மட்டும் முன்பைவிட அடிக்கடி வருகிறது. அப்பாவிடம் 2007 மாடல் லாரி ஒன்று இருக்கிறது. அதன் பிரீதர் குழாய் வாசலெல்லாம் ஆயில் சொட்டுகிறது. அதற்காவது போடலாமா?

பதில்: தம்பி, புது வண்டிக்கு வேண்டாம். அப்பாவின் லாரிக்குப் போடலாம். ஆனால் அதனால் இஞ்சினுக்கு ஒரு லாபமும் இல்லை, வாசலுக்கும் ரோட்டுக்கும்தான் லாபம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கேட்ச் கேன் கேள்வி இல்லை. "ஆயில் குறைவதே இல்லை, குச்சியில் கொஞ்சம் மேலேயே நிற்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். அதை நல்ல சேதியாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. ஓடுகிற டீசல் இஞ்சினில் ஆயில் மெல்லக் குறைவது இயல்பு. கூடுகிறது என்றால் வேறு ஏதோ உள்ளே சேர்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் இந்தக் கேன் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் லைனரும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், சிலிண்டரில் எரிகிற வாயுவில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே கிராங்க்கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். அதைத்தான் ப்ளோ-பை என்கிறோம். கீழே கிராங்க் சுழலும் வேகத்தில் ஆயில் புகையாகப் பறந்துகொண்டிருக்கும். அந்த ஆயில் புகை, கரி, எரியாத டீசல், நீராவி எல்லாம் கலந்து வெளியே போக வழி தேடும். வழி விடாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல்களைத் தள்ளிவிடும். அந்த வழிதான் பிரீதர். பழைய வண்டிகளில் பிரீதர் குழாயைச் சேஸிக்குக் கீழே ரோட்டைப் பார்த்து விட்டுவிடுவார்கள். அப்பாவின் லாரி அந்த வகை. அமெரிக்காவில் 1960-களின் தொடக்கத்திலேயே கார்களில் இந்தப் புகையை வெளியே விடாமல் இஞ்சின் இழுக்கும் காற்றோடு சேர்த்து எரிக்க ஆரம்பித்தார்கள். நம் ஊரில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 மாசு விதி வந்தபிறகு, பிரீதர் புகையையும் மாசுக் கணக்கில் சேர்த்துத்தான் இஞ்சினை அமைக்க வேண்டும். அதனால் உங்கள் வண்டி மாதிரியான வண்டிகளில் பிரீதர் ஹோஸ் டர்போவின் வாய்ப்பக்கம் போய்ச் சேரும். நடுவில் கம்பெனியே ஒரு ஆயில் பிரிப்பானை வைத்திருக்கும். அது ஆயில் துளிகளைப் பிடித்து மறுபடி சம்புக்கே, அதாவது இஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கே, திருப்பிவிடும். அதையும் தாண்டிப் போகிற மிக நுண்ணிய துளிகள்தான் டர்போ வழியாக இன்டர்கூலர் ஹோஸில் படிகின்றன.

கடையில் விற்கும் கேட்ச் கேன் இந்த ஹோஸை நடுவில் வெட்டி, அங்கே ஒரு டப்பாவை வைக்கிறது. ஆயில் டப்பாவில் தங்கும், புகை மட்டும் மேலே போகும் என்பது கணக்கு. கணக்கில் தப்பில்லை. ஆனால் பிரீதரில் வரும் துளிகளில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானை ஒட்டியவை, கண்ணுக்கே தெரியாதவை. வெறும் டப்பாவுக்குள் இரண்டு தகட்டை வைத்து விற்கிற கேனில் அவை நிற்காது, புகையோடு புகையாகப் போய்விடும். அவற்றைப் பிடிக்க உள்ளே நெருக்கமான இழை வடிகட்டி வேண்டும். அது அடைத்துக்கொண்டால் அழுத்தத்தை விடுவிக்க ஒரு வால்வும் வேண்டும். மான்-ஹம்மல் கம்பெனியின் ப்ரோவென்ட் அப்படிப்பட்டது. ஆஸ்திரேலியாவில் டீசல் ஜீப்புகளுக்கு நிறையப் பேர் அதை மாட்டுகிறார்கள். உங்களுக்கு 7,500 ரூபாய் சொன்ன கேனைத் திறந்து பாருங்கள். வடிகட்டியும் இல்லை, வால்வும் இல்லை என்றால் அது பளபளப்பான அலுமினிய டப்பா, அவ்வளவுதான்.

வீடியோக்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காக்காரர் 'டிரக்' என்று சொன்னால் அது பெரும்பாலும் பிக்கப் வண்டி, அதுவும் பெட்ரோல் இஞ்சின். அந்த இஞ்சின்களில் பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை வந்தபிறகு, இன்லெட் வால்வின் முதுகைப் பெட்ரோல் கழுவுவது நின்றுபோனது. அதனால் பிரீதர் ஆயில் சூடான வால்வின் மேல் படிந்து தார் மாதிரி இறுகியது. கேட்ச் கேனுக்கு இவ்வளவு பேர் வந்தது அந்தத் தொல்லையால்தான். அதற்கும் கம்பெனிகளே வழி பார்த்துவிட்டன. ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் இஞ்சினில் 2017 மாடலிலிருந்து சிலிண்டருக்குள் ஒரு இன்ஜெக்டர், வால்வுக்கு முன்னால் ஒரு இன்ஜெக்டர் என்று இரண்டு வைத்துவிட்டார்கள். அங்கேயே டீசல் பிக்கப் என்றால் கதை வேறு. ராம் பிக்கப்பில் வரும் 6.7 லிட்டர் கம்மின்ஸில் வால்வு கவர் மேலேயே பிரீதர் வடிகட்டி இருக்கிறது, 67,500 மைலுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி அட்டவணையும் இருக்கிறது. அதாவது டீசலில் கம்பெனியே பிரிப்பானைக் கொடுத்து, அதைப் பராமரிக்கும் பொறுப்பை நம்மிடம் விட்டிருக்கிறது. நாம் அதை மறந்துவிட்டு இன்னொரு டப்பாவைத் தேடிப் போகிறோம்.

சரி, உங்கள் ஹோஸுக்கு வருவோம். விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுத் துடைத்தால் விரல் நுனி கறுத்துப் பளபளக்கிறதா? அது இயல்பு. டர்போ உள்ள எந்த டீசலிலும் அப்படித்தான் இருக்கும், அதற்காக ஒரு ரூபாய் செலவழிக்காதீர்கள். ஹோஸின் அடிப்பக்கத்தில் ஆயில் தேங்கி, சாய்த்தால் ஒழுகுகிறதா? இன்டர்கூலரின் கீழ் மூலையில் ஒரு குழிக்கரண்டி அளவு நிற்கிறதா? அப்படியானால் காரணத்தைத் தேட வேண்டும். நீங்கள் 'பிசுபிசுப்பு' என்று மட்டும் எழுதியதால் முதல் வகை என்றே நினைக்கிறேன். ஆனால் குச்சியில் அளவு கூடுவதையும் ரீஜென் லைட்டையும் சேர்த்துப் பார்த்தால் மனம் ஒப்பவில்லை.

உங்கள் வண்டியின் ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். ராத்திரி கேரட் கழுவுகிற இடத்தில் மூட்டை ஏறி முடியும்வரை ஐடிலிங். அது ஒரு மணி நேரம்கூட ஆகும். அந்த நேரத்தில் எக்ஸாஸ்ட் சூடே ஏறாது, கரி மட்டும் டிபிஎஃப் என்கிற எக்ஸாஸ்ட் கரி வடிகட்டியில் சேரும். அப்புறம் லோடோடு 40 கிலோமீட்டருக்கு மேல் இறக்கம். கேத்தி ரயில் நிலையம் 2,092 மீட்டர் உயரத்தில், மேட்டுப்பாளையம் 326 மீட்டரில். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கியரிலும் எக்ஸாஸ்ட் பிரேக்கிலும் இறங்குகிறீர்கள். இஞ்சினுக்கு டீசலே போகாத நேரம் அது, எக்ஸாஸ்டில் போவது வெறும் காற்று. டிபிஎஃப்-இல் தங்கிய கரி எரிய 550, 600 டிகிரி செல்சியஸ் வேண்டும். இறக்கத்தில் அந்தச் சூடு வர வழியே இல்லை. காலையில் கல்லாறு தாண்டி மேட்டில் மிதிக்கும்போதுதான் அந்தச் சூட்டை நெருங்குகிறது. வண்டியின் கம்ப்யூட்டர் அதற்காகவே காத்திருந்து ரீஜென்னை ஆரம்பிக்கிறது. சரியாக அந்த நேரத்தில் பர்லியாரில் டீக்கு நிறுத்திச் சாவியைத் திருப்புகிறீர்கள். பாதி எரிந்த கரி அப்படியே நிற்கும். வண்டி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

இதில் ஆயிலுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். ரீஜென் நடக்கும்போது எக்ஸாஸ்டைச் சூடாக்க நிறைய இஞ்சின்களில் பவர் ஸ்ட்ரோக் முடிந்தபிறகும் இன்ஜெக்டர் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சும். அந்த நேரத்தில் பிஸ்டன் கீழே இருக்கும். டீசலில் ஒரு பங்கு லைனர் சுவரில் பட்டு, ரிங் வழியாக வழிந்து சம்புக்குப் போய்விடும். ரீஜென் ஒழுங்காக முடிந்தால், பிறகு நன்றாகச் சூடேறி ஓடுகையில் அதில் கொஞ்சம் ஆவியாகும். ஒவ்வொரு ரீஜென்னும் பாதியில் நின்று திரும்பத் திரும்ப ஆரம்பித்தால் டீசல் சேர்ந்துகொண்டே போகும். குச்சியில் கோடு ஏறும். ஆயில் நீர்த்துப்போகும். நீர்த்த ஆயிலிலிருந்து ஆவி அதிகம் கிளம்பும். அளவு கூடினால் கிராங்க் ஆயிலை அடித்துக் கலக்கி இன்னும் அதிகப் புகை உண்டாக்கும். எல்லாம் பிரீதர் வழியாக இன்டர்கூலர் ஹோஸுக்கு வரும். நீங்கள் பார்த்த பிசுபிசுப்பு அங்கே தொடங்கியது என்பது என் கணிப்பு.

இப்போது கேட்ச் கேன் போட்டால் என்ன ஆகும்? ஹோஸ் சுத்தமாகும். உங்களுக்கும் நிம்மதி. உள்ளே ஆயில் டீசலாகிக்கொண்டே போகும். மெயின் பேரிங்கும் டர்போ பேரிங்கும் அந்த நீர்த்த ஆயிலில் ஓடும். அதனால்தான் வேண்டாம் என்று முதல் வரியிலேயே சொன்னேன்.

கணிப்பு சரியா என்று நீங்களே பார்க்கலாம். குச்சியை எங்கே பார்க்கிறீர்கள் என்பது முதல் கேள்வி. நம் மலையில் வீட்டு வாசல் எல்லாம் சரிவு. மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கிற வண்டியில் குச்சி ஒரு அளவைக் காட்டும், திருப்பி நிறுத்தினால் வேறு அளவைக் காட்டும். இதை வைத்துக்கொண்டு ஆயில் கூடியது, குறைந்தது என்று சண்டை போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மேட்டுப்பாளையம் மண்டியில் மட்டமான தரை இருக்கிறது. லோடு இறக்கிய பிறகு, இஞ்சினை நிறுத்திக் கால் மணி நேரம் கழித்து, குச்சியைத் துடைத்து ஒருமுறை விட்டு எடுங்கள். போனில் ஒரு படம், கூடவே கிலோமீட்டர். வாரம் ஒருமுறை, அதே இடம், அதே நேரம். அப்புறம் குச்சி நுனியை மூக்குக்கு அருகே கொண்டுபோய் முகருங்கள். டீசல் வாடை மறைக்க முடியாத வாடை. ஒரு சொட்டை வடிகட்டித் தாளில் விட்டு ராத்திரி முழுக்க வைத்தால், டீசல் கலந்த ஆயில் நடுவில் கறுப்பும் வெளியே எண்ணெய்க் காகிதம் மாதிரி ஒளி ஊடுருவும் வளையமுமாகப் படரும். சந்தேகம் தீராவிட்டால் கோவையில் ஆயில் பரிசோதனைக்குக் கொடுத்து பிசுக்குத்தன்மையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோடு மேல் குறியைத் தாண்டியிருந்தால் இன்றே ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள், அடுத்த சர்வீஸ்வரை இழுக்காதீர்கள். மேனுவலில் போட்டிருக்கும் கிரேடு மட்டுமே ஊற்றுங்கள். டிபிஎஃப் வண்டிக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும், விலை மலிவென்று பழைய லாரிக்கு ஊற்றும் ஆயிலை இதில் ஊற்றினால் டிபிஎஃப் அடைத்துக்கொள்ளும். மாற்றிய பிறகும் சில வாரத்தில் கோடு ஏறினால் சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டு, எத்தனை ரீஜென் தொடங்கியது, எத்தனை முடிந்தது என்று பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜெக்டர் ஏதாவது ஒழுகுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம், அதுவும் டீசலைச் சம்பில் சேர்க்கும். கூலன்ட் குறைகிறதா என்பதை மட்டும் நீங்களே கவனியுங்கள். ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரிக் கொஞ்சம் ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். மார்கழிக் குளிரில் நம் ஊர் வண்டிகளில் நீராவி அங்கே குளிர்ந்து ஒட்டும். குச்சியிலேயே பால் காப்பி நிறம் தெரிந்தால் அது வேறு விஷயம், வண்டியை எடுக்காதீர்கள்.

பழக்கத்தில் இரண்டு மாற்றம். லோடு ஏறும்போது இஞ்சினை நிறுத்திவிடுங்கள், வெளிச்சத்துக்கு வேறு வழி செய்துகொள்ளலாம். காலையில் ஏறும்போது ரீஜென் லைட் எரிந்தால் டீ கொஞ்சம் தள்ளிப் போகட்டும். 20 நிமிடம், அரை மணி நேரம் அதே மேட்டில் நிறுத்தாமல் மிதித்து வந்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். காலி வண்டி என்பதால் டாப் கியரில் மெதுவாக இழுக்காமல், ஒரு கியர் குறைத்து இஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓட விடுங்கள். நின்ற இடத்தில் பட்டனை அழுத்தி ரீஜென் செய்யும் வசதி உங்கள் வண்டியில் இருந்தால், காய்ந்த புல்லும் சாக்கும் இல்லாத இடமாகப் பாருங்கள். சைலன்ஸர் வாயில் வரும் சூடு சருகைப் பற்றவைக்கும், நம்மைச் சுற்றிக் காடு இருக்கிறது.

இதையெல்லாம் பார்த்த பிறகு, ரிங் தேய்ந்துதான் ப்ளோ-பை கூடியிருக்கிறதா என்ற கேள்வி மிஞ்சினால் அதற்கும் வழி இருக்கிறது. இஞ்சின் சூடானதும் ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் திருகித் தளர்த்தி, தலைகீழாக அதே வாயில் வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால், புகை பம்பிக்கொண்டு வந்தால் இஞ்சினைப் பார்க்க வேண்டும். இது கைக்கணக்குதான். சரியாகப் பார்க்க, குச்சி நுழையும் குழாயில் ஒரு தெளிவான டியூபை மாட்டி, அதை U வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றி, இஞ்சின் ஓடும்போது தண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் தள்ளப்படுகிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்போம். அதை மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுவோம். அதற்கு முன் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் டர்போ வாயில் உறிஞ்சல் கூடி, பிரீதரிலிருந்து ஆயிலை அதிகமாக இழுக்கும். உங்கள் வண்டியின் ஆயில் பிரிப்பானில் மாற்றக்கூடிய வடிகட்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் 2021-இலிருந்து அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இந்த இரண்டுக்கும் ஆகும் செலவு கேட்ச் கேன் விலையில் ஒரு பங்குதான்.

கேட்ச் கேனுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் நம் மலையில் அது ஒரு வண்டியை என்ன செய்தது என்று என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி. தலைக்குந்தா பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடந்த காலை. ஒரு வண்டி பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தது. கேனைச் சேஸியில் தாழ்வாக மாட்டி, ஹோஸைத் தொட்டில் மாதிரித் தொங்கவிட்டிருந்தார்கள். குளிர் நாளில் பிரீதரில் வருவது ஆயிலைவிடத் தண்ணீர்தான் அதிகம். அந்தத் தொங்கலில் தேங்கிய தண்ணீர் ராத்திரி உறைந்து ஹோஸை அடைத்துவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்து மேட்டில் மிதித்ததும் அழுத்தம் போக வழியில்லாமல் ஆயில் குச்சி துள்ளி வெளியே விழுந்தது. பின்பக்கக் கிராங்க் சீல் பிதுங்கி, ஆயில் முழுக்கக் கிளட்ச் பிளேட்டில். கியர்பாக்ஸை இறக்கித்தான் சீல் மாற்ற முடிந்தது. நான் ஹோஸைக் கழற்றியபோது உள்ளே இருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு பனிக்கட்டி வழுக்கி விழுந்தது. பால் காப்பி நிறம். கூட நின்ற ஓட்டுநர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். வண்டிக்காரருக்குப் பத்து நாள் ஓட்டம் போனது. கேனைக் காலி செய்ய வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரியது. கேன் நிரம்பி வழியும் நிலையில் கொண்டை ஊசி வளைவில் வண்டி சாய்ந்தால், உள்ளே இருக்கும் ஆயில் மொத்தமாக டர்போ வாய்க்குள் போகலாம். டீசல் இஞ்சின் ஆயிலையும் எரித்து ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் வேகம் பிடித்துக்கொண்டே போகும். ரன்-அவே என்பது அதுதான். சம்பில் டீசல் சேர்ந்து அளவு மிக மேலே போனாலும் இதே ஆபத்து உண்டு, குச்சியைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். எப்போதாவது அப்படி நேர்ந்தால் கிளட்சை மிதித்துக்கொண்டு பதறி நிற்காதீர்கள். பெரிய கியரில் போட்டு, பிரேக்கை முழுக்க அழுத்திக் கிளட்சை விட்டு இஞ்சினை அடக்குங்கள்.

பிஎஸ்6 வண்டியில் கேன் மாட்டி அதன் வாயை வெளியே திறந்துவிடுவது சட்டப்படியும் சிக்கல். கம்பெனி அமைத்ததை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. வாரண்டியும் போகும். மைலேஜ் கூடும் என்பதை நம்பாதீர்கள். இன்டர்கூலரில் படியும் மெல்லிய ஆயில் பூச்சுக்கு டீசல் கணக்கை மாற்றும் சக்தி இல்லை. டயர் காற்றை ஒழுங்காக வைத்தால் அதைவிட அதிகம் மிஞ்சும்.

யாருக்குத்தான் போடலாம் என்றால், வாரண்டி முடிந்த பிஎஸ்4 டீசல், இஜிஆர் (எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பங்கை மறுபடி இஞ்சினுக்கே அனுப்பும் அமைப்பு) உள்ளது, ப்ளோ-பை அளவாக இருப்பது, வாரம் தவறாமல் கேனைத் திறந்து பார்க்கிற ஆள். இஜிஆர் கரியும் பிரீதர் ஆயிலும் சேர்ந்துதான் இன்லெட் மேனிஃபோல்டில் சேறு மாதிரி அடைக்கிறது, அதில் ஆயில் பங்கைக் குறைக்கலாம். வடிகட்டியும் வால்வும் உள்ள கேனாக வாங்கி, புகையை மறுபடி டர்போ வாய்க்கே விடும்படி மாட்டினால் பலன் உண்டு. உங்கள் வண்டி அந்த வகை இல்லை.

இனி அப்பாவின் லாரி. 2007 மாடலில் குழாய் ரோட்டைப் பார்த்து இருக்கிறது, இஞ்சினுக்குள் எதுவும் திரும்பப் போவதில்லை. அதில் டப்பா மாட்டுவதால் டர்போவோ இன்டர்கூலரோ சுத்தமாகப் போவதில்லை. ஆனால் மழை ஈரத்தில் ஒரு வளைவில் விழுந்த ஆயில் சொட்டு, பின்னால் பைக்கில் வருகிற பிள்ளையைக் கீழே தள்ளப் போதும். அதற்காகவே போடுங்கள். 7,500 ரூபாய் கேன் தேவையில்லை. தடித்த உலோக டப்பா ஒன்றில் மேலே இரண்டு குழாய், கீழே ஒரு வடிகுழாய் வைத்துப் பற்றவைத்தால் போதும். உள்ளே போகும் குழாயைவிட வெளியே வரும் குழாய் சின்னதாக இருக்கக் கூடாது. வெளிவாயை எதனாலும் அடைக்காதீர்கள், துணி கட்டாதீர்கள். பிரீதரிலிருந்து டப்பாவரை ஹோஸ் எங்கேயும் தொங்காமல் ஒரே சரிவாக இறங்கட்டும். சைலன்ஸருக்கும் டர்போவுக்கும் அருகில் வேண்டாம்.

மாட்டுவதற்கு முன் எவ்வளவு சொட்டுகிறது என்று பாருங்கள். ராத்திரிக்கு இரண்டு, மூன்று சொட்டு என்றால் வயதுக்கு ஏற்றதுதான். ஒரு நடை போய்வந்தால் கால் லிட்டர் என்றால் அது ரிங் வேலை, டப்பா அதை மறைக்கும் அவ்வளவுதான். அப்பாவிடம் மூடி சோதனையைச் செய்யச் சொல்லுங்கள், அவருக்கே தெரிந்திருக்கும்.

மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் டப்பாவைத் தினமும் காலை ஸ்டார்ட் செய்யும் முன் திறந்து வடியுங்கள், மற்ற மாதங்களில் வாரம் ஒருமுறை. வடித்ததை வாசல் ஓரப் பள்ளத்தில் ஊற்ற வேண்டாம். கேத்திப் பள்ளத்து ஓடை கடைசியில் பவானிக்குத்தான் போகிறது, அந்தத் தண்ணீரைத்தான் நீங்கள் லோடு இறக்குகிற ஊரில் குடிக்கிறார்கள். ஒரு பழைய கேனில் சேர்த்து வைத்து, ஆயில் மாற்றும்போது பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் வண்டியின் குச்சிப் படங்கள் மூன்று, நான்கு வாரத்துக்குச் சேர்ந்ததும் கிலோமீட்டரோடு எனக்கு அனுப்புங்கள்.